கைக்குத் தெரியாத சூடு

திருவண்ணாமலை
14.10.2003

திரு. அர்ஜுனன் அவர்களுக்கு,

ஆதிலட்சுமி எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் வெப்பமானிகளோடு வேலை பார்த்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். உங்கள் அண்ணன் காரியத்தன்று நமக்குள் பேச்சு நின்றது. ஏழு வருடம் ஆகப்போகிறது. இந்தக் கடிதம் அதைத் தொடவில்லை.

என் மாடி அறையில் இரண்டு வருடமாக மார்த்தா என்ற ஹாலந்துப் பெண் குடியிருக்கிறாள். தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று போன மாதம் ஊருக்குப் போயிருக்கிறாள். போகும்போது கண்ணாடித் தொட்டியோடு ஒரு பல்லியை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாள். சென்னையில் மீன்தொட்டிக் கடையில் வாங்கியதாம். நம் சுவர்ப் பல்லி இல்லை. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி. சிறுத்தைப்பல்லி என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன். சுவர் ஏறத் தெரியாது. அது கத்தி நான் கேட்டதில்லை. இதற்கு இமை இருக்கிறது. கண்ணை மூடித் தூங்குகிறது. பல்லி கண் மூடும் என்று எழுபத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.

தொட்டியின் ஒரு பாதிக்கு அடியில், கண்ணாடிக்கு வெளிப்புறம், மின்சாரத்தில் சூடாகும் ஒரு மெல்லிய விரிப்பு இருக்கிறது. ஹீட் பேட் என்கிறாள். அதன் மேல் பல்லி படுத்தால்தான் தின்றது செரிக்குமாம். சூட்டை அளந்து நிறுத்தும் பெட்டி ஒன்றும் இருந்தது. மின்சாரம் ஏறி இறங்கியதில் அது ஆகஸ்டிலேயே எரிந்துபோயிற்று. மாலை ஆறுக்குப் போட்டுக் காலை ஆறுக்கு அணையுங்கள், சூடான பக்கம் 32 டிகிரி இருக்கட்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனாள்.

அதன்படியே செய்கிறேன். உங்கள் அண்ணன் வாங்கிய சுவர் வெப்பமானியைத் தொட்டிக்குள் கண்ணாடியில் மாட்டியிருக்கிறேன். ஒரு நாளும் 29-ஐத் தாண்டியதில்லை. சூடு வீணாகாமல் இருக்கத் தொட்டிக்கு அடியில் ஒரு துண்டை நான்காக மடித்து வைத்தேன். பல்லிக்கு மெத்தென்று இருக்க நான்கு விரல் ஆழத்துக்கு ஆற்று மணலைக் கழுவிக் காயவைத்துப் பரப்பினேன். அப்படியும் 29தான். இன்னும் மூன்று டிகிரிக்கு என்ன செய்வது? பகலிலும் போட்டு வைக்கலாமா?

பதில் எழுத உறை இணைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டியிருக்கிறது.

ஆதிலட்சுமி

*

கீழ்பென்னாத்தூர்
18.10.2003

அண்ணிக்கு,

வணக்கம். நான் மோட்டார் காயில் கட்டும் கடையில் இருந்தபோது தபால்காரர் கொடுத்தார். கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ முடியவில்லை என்று பயந்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் ஓரகத்தி தனத்திடம் படித்துக் காட்டினேன். "ஏழு வருசம் கழிச்சு எழுதுறாங்க, பல்லிக்கா?" என்று கேட்டாள். பிறகு, "நம்ம ஊர்ல பல்லிக்கு அடுப்பு வேற பத்த வைக்கணுமா? சித்திரையில வரச் சொல்லு, பொரிஞ்சே போயிடும்" என்றாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கு அப்படியே எழுதினால்தான் பிடிக்கும்.

இப்போது விஷயம். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் பல்லி நின்றுகொண்டா தூங்குகிறது? வெப்பமானியை நீங்கள் தொட்டிச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். அது காற்றின் சூட்டைச் சொல்கிறது. பல்லி தரையில் வயிற்றை வைத்துப் படுக்கிறது. ஆலையில் பாய்லர் அறைச் சுவரில் ஒரு வெப்பமானி தொங்கும். அதைப் பார்த்துவிட்டு பாகு காய்ந்துவிட்டது என்று எவனாவது சொன்னால் துரத்தி விடுவோம். பாகுக்குள் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடியில் வைத்த துண்டை இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே எடுத்துவிடுங்கள். சூடு கீழே போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. மணலையும் அள்ளிவிடுங்கள். மணல் கம்பளி மாதிரி. சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். மேலே தொட்டால் தெரியாது. பல்லி தோண்டிப்போய்க் கண்ணாடியில் படுத்தால் தெரியும், பல்லிக்கு.

பகலில் போடாதீர்கள். தரையை அளந்து எனக்கு எழுதுங்கள்.

உங்கள் உறையைப் பயன்படுத்தவில்லை. எங்கள் ஊரிலும் தபால்தலை விற்கிறார்கள்.

அர்ஜுனன்

*

திருவண்ணாமலை
27.10.2003

திரு. அர்ஜுனன் அவர்களுக்கு,

கேட்டவள் நான், ஆகவே சொன்னதைச் செய்தேன். துண்டை எடுத்துவிட்டேன். மணலை அன்று அள்ளவில்லை. தினமும் மாலையில் மணலுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறவள் நான். சுடவில்லை, இதமாகத்தான் இருக்கிறது. ஐம்பது வருடம் சமையலறையில் நின்ற கை இது. நீங்கள் எழுதியது எனக்கு மிகையாகப் பட்டது. இதையும் மறைக்கவில்லை.

ஆனாலும் அளக்காமல் வாதாடக்கூடாது என்று கான்வென்ட்டில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர் சொல்வார். வீட்டில் இருந்த இன்னொரு வெப்பமானி, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். அதற்கு ஒரு குணம் உண்டு. ஏறிய இடத்திலேயே நிற்கும், உதறினால்தான் இறங்கும். அப்படியென்றால் நான் தூங்கும்போது சூடு எந்த உச்சிக்குப் போனது என்று அது காலையில் எனக்குச் சொல்லிவிடுமே என்று தோன்றியது. இப்படி யோசித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். தீபாவளிக்கு மறுநாள் மாலை, நன்றாக உதறி, மணலுக்கு அடியில் கண்ணாடியை ஒட்டிப் படுக்கவைத்தேன்.

காலையில் பாதரசம் 108 ஃபாரன்ஹீட்டை, மார்த்தாவின் கணக்கில் 42 டிகிரியைத் தாண்டி, கோடே இல்லாத இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. துண்டை எடுத்த பிறகு இது. துண்டு இருந்தபோது என்னவாக இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

அப்போதுதான் மணலை அள்ளினேன். வீட்டு வேலைக்கு வரும் சரசு தொட்டிப் பக்கமே வராதவள். "பல்லி மேல வுழுந்தாலே தோசம், நீங்க என்னமோ அதுக்குப் பாய் போட்டு சூடு காட்டுறீங்க" என்று வாசற்படியில் நின்றே பேசுவாள். அன்று நான் கூப்பிட்டதால் வந்தாள். நாங்கள் தொட்டியைச் சாய்த்தபோது, விரிப்பு இல்லாத பக்கம் கண்ணாடியோடு ஒட்டிப் படுத்திருந்த பல்லியை அடியிலிருந்து பார்த்தவள் அவள்தான். "அம்மா, வயித்துல ரோஸ் கலர்ல இருக்கே, அது அதோட கலரா?" என்று கேட்டாள். அது அதன் நிறமில்லை. நாலணா அளவுக்குத் தோல் வெந்து சிவந்திருக்கிறது.

விரிப்பை அணைத்துவிட்டேன். எனக்கு இரண்டு விஷயம் புரியவில்லை. ஒன்று, நான் தொட்டபோது ஏன் சுடவில்லை? மற்றொன்று, பல்லிக்கு நான்கு கால் இருக்கிறது. தொட்டியின் மறுபாதி குளிர்ச்சியாக இருக்கிறது. வெந்துகொண்டிருக்கும்போது அது ஏன் எழுந்து போகவில்லை?

ஆதிலட்சுமி

*

கீழ்பென்னாத்தூர்
30.10.2003

அண்ணிக்கு,

இதை வேன் ஓட்டும் அருணகிரியிடம் கொடுத்தனுப்புகிறேன். மார்க்கெட்டுக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றி வருகிறான். தபாலுக்குக் காத்திருக்கக்கூடாத விஷயம்.

முதலில், இன்றே மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டாக்டர் சிரித்தாலும் பரவாயில்லை. தரையில் மணல் வேண்டாம், செய்தித்தாள் விரியுங்கள். தினமும் மாற்றுங்கள். விரிப்பை முழுக்க அணைத்தும் வைக்காதீர்கள். குளிர்ந்துபோனால் தின்றது வயிற்றிலேயே அழுகும். அருணகிரியிடம் ஒரு பெட்டி இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கோழி முட்டை பொரிக்க வைக்கும் இன்குபேட்டரில் இருந்து கழற்றிய தெர்மோஸ்டாட். இரண்டு நாள் உட்கார்ந்து குறைந்த சூட்டுக்கு மாற்றியிருக்கிறேன். கறுப்பு ஒயர் நுனியில் இருக்கும் செம்புக் குமிழ்தான் அதற்கு நாக்கு. அதைப் பல்லி படுக்கிற இடத்தில், தரையில், விரிப்புக்கு நேர் மேலே வையுங்கள். சுவரில் வைக்காதீர்கள். கூடவே ஆலையில் நான் வைத்திருந்த கண்ணாடித் தெர்மாமீட்டரும் இருக்கிறது. நூறு டிகிரி வரை தாங்கும். காய்ச்சல் தெர்மாமீட்டரை இனி வைக்காதீர்கள். சூடு தாங்காமல் உடைந்தால் பாதரசம் தொட்டியெல்லாம் ஓடும். ஆனால் யோசனை நல்ல யோசனை. எனக்குத் தோன்றியிருக்காது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் மாலையில் தொடுகிறீர்கள். அந்நேரம் சுற்று வட்டாரத்தில் எல்லா பம்புசெட்டும் ஓடுகிறது. என் கடை மீட்டரில் 190 வோல்ட் காட்டும். மோட்டாரெல்லாம் நின்ற பிறகு 255 காட்டும். அதே விரிப்பு, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சூடு கொடுக்கும். நீங்கள் தொட்ட சூடு ஒன்று, அது படுத்த சூடு வேறு.

அதோடு, கை தொட்டுவிட்டு வந்துவிடும். வயிறு அங்கேயே கிடக்கும். ஒரு நிமிடத்துக்கு இதமாக இருப்பது மூன்று மணி நேரத்தில் வேகவைத்துவிடும். அதுவும் உங்கள் கை. தோசைக்கல்லில் விரலை வைத்துக் காய்ந்ததா என்று பார்க்கிற கை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏன் எழுந்து போகவில்லை என்று கேட்டீர்கள். நானாக யோசித்துச் சொல்கிறேன், சரியா தெரியாது. வெயிலில் காய்ந்த பாறை மேல் சாயங்காலம் போய்ப் படுக்கும் ஜாதி அது. பாறை நேரம் ஆக ஆக ஆறும். படுக்கப் படுக்க சூடு ஏறுகிற பாறையை அதன் வம்சத்திலேயே யாரும் பார்த்ததில்லை. அதனால் எழுந்திருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. வயிற்றில் உணர்ச்சியும் கம்மியாக இருக்கலாம். உணர்ச்சி கம்மியான இடத்தில்

இதற்கு மேல் எழுதினால் வேறு பேச்சாகிவிடும். பெட்டியை மாட்டிவிட்டு எழுதுங்கள்.

அர்ஜுனன்

*

திருவண்ணாமலை
19.11.2003

திரு. அர்ஜுனன் அவர்களுக்கு,

பெட்டியை நானே மாட்டினேன். அருணகிரி "நான் மாட்டித் தரேன், நவுருங்கம்மா" என்றான். நீ பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும், நானே செய்கிறேன் என்றேன். செம்புக் குமிழை முதல் நாள் பல்லி இழுத்து நகர்த்திவிட்டது. பிசின் நாடா ஒட்டினால் அதன் தோல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஒரு தட்டையான ஓட்டுச் சில்லை வைத்து, குமிழை அதற்கும் காகிதத்துக்கும் நடுவில் அசையாமல் சொருகினேன். மூன்று வாரமாக ஒரு நாளைக்கு நான்கு முறை பார்த்து எழுதுகிறேன். 30-க்குக் கீழே போவதில்லை, 33-க்கு மேலே ஏறுவதில்லை. மூன்று டிகிரி வித்தியாசம் எனக்குத் திருப்தியில்லை. குறைக்க முடியுமா?

கால்நடை மருத்துவர் சிரிக்கவில்லை. மாடு பிடித்திருந்த நான்கு பேர்தான் சிரித்தார்கள். தீக்காயத்துக்குப் போடும் வெள்ளைக் களிம்பு கொடுத்தார். பல்லி இருபத்திரண்டு நாளாக எதுவும் தின்னவில்லை. வால் தடியாக இருக்கும்வரை பயமில்லை, கொழுப்பை அங்கேதான் சேர்த்துவைக்கும் என்றார். நேற்று வாலை நூல் வைத்து அளந்தேன். இளைத்திருக்கிறது. சரசு சுவர்க்கோழி பிடித்துக்கொண்டு வருகிறாள். "உன்னால நான் பூச்சி புடிக்கிறவளாயிட்டேன், தின்னு தொலையேன்" என்று அதனிடமே சண்டை போடுகிறாள். அது கண்ணை மூடிக்கொள்கிறது. மார்த்தா பிப்ரவரியில் வருகிறாள். அவளுக்கு நடந்ததை எழுதிவிட்டேன். பிழைத்தால் போதும் என்று பதில் எழுதியிருக்கிறாள்.

போன கடிதத்தில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டிருந்தீர்கள். உணர்ச்சி கம்மியான இடத்தில், என்று. அதை முடிக்க எனக்குத் தெரியும். சர்க்கரை வியாதிக்காரர் பாதம்.

முதல் கடிதத்தில் இதைத் தொடமாட்டேன் என்று எழுதினேன். இப்போது தொடுகிறேன். 1996 மார்கழியில், உங்கள் அண்ணன் கால் குளிர்கிறது என்று சொன்ன மதியம், வெந்நீர்ப் பையில் தண்ணீர் ஊற்றியது யார்? உங்களுக்கு நினைவிருப்பதை அப்படியே எழுதவும்.

ஆதிலட்சுமி

*

கீழ்பென்னாத்தூர்
24.11.2003

அண்ணிக்கு,

தபால் அட்டையில் இடம் இல்லை, சுருக்கமாக எழுதுகிறேன். மூன்று டிகிரி ஏறி இறங்குவது நல்லதுதான். ஆலை பாய்லரே அப்படித்தான். பல்லிக்குச் சாப்பாட்டை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டிப் பாருங்கள். மற்ற விஷயம் எனக்கு மறந்துவிட்டது. வயதாகிறது.

அர்ஜுனன்

*

திருவண்ணாமலை
28.11.2003

திரு. அர்ஜுனன் அவர்களுக்கு,

190 வோல்ட், 255 வோல்ட் என்று எழுதுகிறவருக்கு மறதி என்றால் நான் நம்பமாட்டேன்.

நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

தண்ணீர் கொதித்தது. இறக்கிவைத்துச் சற்று ஆறவிட்டுப் பையில் ஊற்றியது நான். மூடியைத் திருகியதும் நான். புறங்கையை வைத்துப் பார்த்து, "சரியா இருக்கு" என்று உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் அதை அவர் பாதத்தருகே வைத்தீர்கள். இதுவரை எனக்கு எப்போதும் நினைவில் இருந்தது. வைத்தது நீங்கள் என்ற இடத்திலேயே நான் நின்றுகொண்டேன். அங்கே நிற்பது எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம் தொட்டிக்கு அடியிலிருந்து துண்டை உருவினேன் அல்லவா? அப்போது என் கைக்கு ஒன்று நினைவு வந்தது. மனதுக்கு முன்னால் கைக்கு வந்தது. நீங்கள் பையை இரண்டு துண்டில் சுற்றியிருந்தீர்கள். நான் அறைக்குள் வந்து, "இவ்வளவு சுத்தினா சூடு எப்படிப் போய்ச் சேரும்" என்று சொல்லி, ஒரு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனேன். நீலக் கரை போட்ட துண்டு.

மூன்றாம் நாள் கொப்புளம். பிறகு கால் எடுத்தார்கள். பிறகு அவரே இல்லை. பதினாறாம் நாள் காரியத்தில், பந்தலில் நாற்பது பேருக்கு முன்னால், "நீ வச்ச சூடுதான் அவரைக் கொண்டுபோச்சு" என்று உங்களைப் பார்த்துச் சொன்னேன். நீங்கள் வாய் திறக்கவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் போனீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். துண்டை நான் உருவியதை நீங்கள் பார்த்தீர்களா, இல்லையா?

ஆதிலட்சுமி

*

கீழ்பென்னாத்தூர்
10.12.2003

அண்ணிக்கு,

கார்த்திகை தீபத்துக்கு உங்கள் ஊருக்குக் கிளம்பி, பத்து கிலோமீட்டர் வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கூட்டத்தைக் காரணம் சொன்னேன். கூட்டம் காரணமில்லை.

பார்த்தேன்.

இதை நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் நான் செத்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். ஆனால் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறவர். மிச்சத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு பத்து நிமிடம் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். பையை நகர்த்தலாம் என்று எழுந்தேன். அண்ணன், "டேய், எடுத்துடாதடா, நல்லா இருக்கு" என்றார். எனக்கு அப்போதே ஒன்று தோன்றியது. ரெண்டு வருடமாக முள் குத்தினால்கூடத் தெரியாத பாதம். அதில் நல்லா இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? சூடு முழங்காலுக்கு வந்திருக்கும், அதைச் சொல்லியிருப்பார். இது எனக்குத் தெரியும். முப்பது வருடம் இதுதான் என் வேலை. அளக்கிற கருவி கெட்டிருந்தால் அது சொல்வதை எடுத்துக்கொள்ளக்கூடாது என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனை டீக்கடையில் டிவி. ஒரு ஓவர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன். மூன்று மணி நேரம் கழித்து வந்தேன். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். பை அதே இடத்தில் இருந்தது.

நீங்கள் பந்தலில் சொன்னபோது ஏன் பேசவில்லை என்றால், துண்டைச் சொன்னால் டீக்கடையையும் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதில் பாதி சரியாக இருந்தது. பாதி சரியாக இருக்கிற பழியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தனத்துக்கு இது தெரியாது. யாரிடமும் சொல்ல வேண்டாம். நாம் இரண்டு பேர் தெரிந்துகொண்டோம், போதும்.

பல்லி தின்றதா?

அர்ஜுனன்

*

திருவண்ணாமலை
12.1.2004

தம்பி அர்ஜுனனுக்கு,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன்.

பல்லி தின்றது. ஐம்பத்தெட்டாம் நாள். நீங்கள் சொன்னபடி இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டினேன். அதுவரை என்னை முட்டாளாக்கிக்கொண்டிருந்தது, அன்று வாலின் நுனியை மட்டும் மெல்ல ஆட்டியது, பூனை மாதிரி. பிறகு ஒரே பாய்ச்சல். தின்றதும் நாக்கால் தன் கண்ணையே நக்கிக்கொண்டது. சரசு கைதட்டினாள். "அம்மா, இன்னொண்ணு குடுங்க, இன்னொண்ணு குடுங்க" என்று கல்யாணப் பந்தியில் உபசரிக்கிற மாதிரி நின்றாள். வயிற்றில் புதுத் தோல் வந்துவிட்டது. சற்று வெளுத்திருக்கிறது. அது மாறாது என்கிறார் மருத்துவர். இப்போது தரை 31 டிகிரி.

நீங்கள் டீக்கடைக்குப் போனது உங்களுடையது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதில் எனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. பிறகு, அந்த மூன்று மணி நேரமும் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். பக்கத்து அறையில்தான் இருந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது முடியாது. நான் உங்களிடம் தனியாகச் சொன்னது அல்ல அந்தப் பழி. பந்தலில் சொன்னேன். அதைக் கடிதத்தில் திரும்ப வாங்கினால் வாங்கியதாக ஆகாது.

உங்கள் மகள் ஓவியாவுக்கு 25-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு என்று அருணகிரி சொன்னான். எனக்கு அழைப்பு இல்லை, இருக்கவும் நியாயமில்லை. ஆனாலும் வருகிறேன். விதவை முன்னால் வந்து நிற்கக்கூடாத சடங்கு என்பது எனக்குத் தெரியும். அந்த வழக்கத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதை எதிர்க்க நான் வரவில்லை, வேறு வேலையாக வருகிறேன். வளையல் போட்டு முடித்து, எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த பிறகு உள்ளே வருவேன். வாயில் சோறு இருக்கும்போது யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். நான் சொல்ல வேண்டியதை எழுதி வைத்திருக்கிறேன். நான்கு வாக்கியம். படித்துவிட்டு இரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். டீக்கடை அதில் இல்லை.

வரவேண்டாம் என்று எழுதாதீர்கள். எழுதினாலும் வருவேன்.

ஆதிலட்சுமி

*

கீழ்பென்னாத்தூர்
27.1.2004

அண்ணிக்கு,

நீங்கள் பஸ் ஏறிய பிறகு இங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் பிரித்தபோது நான் ரசவாளியோடு பந்தி நடுவில் நின்றிருந்தேன். "பையில தண்ணி ஊத்துனது நான். இவரு சுத்துன ரெண்டாவது துண்டை உருவுனது நான். அதைப் பார்த்தும் இவரு ஏழு வருசம் யார்கிட்டயும் சொல்லலை. அன்னைக்கு நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிறேன்." நீங்கள் சொன்னபடியே ஒருத்தரும் குறுக்கே பேசவில்லை. ஒரு குழந்தை மட்டும் "பாட்டிக்கு அப்பளம் குடுக்கலை" என்றது. நீங்கள் காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டீர்கள். பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே ஓடிவர நினைத்தேன். கையில் வாளி. கீழே வைக்கவும் தோன்றவில்லை. ரசம் ஆறிப்போன பிறகுதான் பரிமாறினேன்.

என்னுடைய மிச்சத்தை நானும் அங்கேயே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எழுபத்தொரு வயதில் நீங்கள் தனியாக பஸ் ஏறி வந்து சொல்கிறீர்கள், நான் என் வீட்டுப் பந்தியில் நின்று சொல்ல முடியவில்லை. எல்லோரும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். "பெரிய மனசுய்யா உனக்கு" என்று மச்சான் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சாயங்காலம் பந்தலைப் பிரித்த பிறகு தனத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, அண்ணன் சொன்னது, மூன்று மணி நேரம். அவள் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கடைசியில் பேசினாள்.

"ரெண்டு பேருமா சேர்ந்து பண்ணிட்டு, ரெண்டு பேருமா கம்முனு இருந்துட்டீங்க. ஏழு வருசமா இந்த ஊர்ல தலை குனிஞ்சு நடந்தவ நான். கொலைகாரன் பொண்டாட்டின்னு என் காதுபடவே பேசினாங்க. அக்கா இன்னைக்கு வந்து சொன்னாங்க, சரி. அன்னைக்குப் பந்தல்ல இருந்த நாப்பது பேர்ல ஒம்பது பேர் செத்துட்டாங்க. எங்கப்பாவும் ஒருத்தர். அவருகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

நான் எண்ணிப் பார்த்தேன் அண்ணி. ஒன்பது சரிதான்.

ஆனால் அவள் இரவு சாப்பாடு போட்டாள், எனக்கும் போட்டாள். நேற்று அந்த மச்சானைக் கடைக்கு வரச்சொல்லி டீக்கடை விஷயத்தைச் சொன்னேன். இன்னும் முப்பது பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகத்தான் என்னால் முடியும். உங்களை மாதிரி ஒரே மூச்சில் முடியாது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி பஸ்ஸில் வருகிறேன். தெர்மோஸ்டாட்டில் முள் தேய்ந்திருக்கும், மாற்ற வேண்டும். விரிப்பை அணைத்து வைக்காதீர்கள், ஓடும்போதே பார்க்க வேண்டும். தனமும் வருகிறாள். பல்லியைப் பார்க்க இல்லையாம். பந்தியில் நீங்கள் பேசினதற்கு அவளும் உங்களிடம் ரெண்டு வார்த்தை பேச வேண்டியிருக்கிறதாம். என்ன வார்த்தை என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு, நீ போய் பல்லியப் பாரு" என்றாள்.

அர்ஜுனன்